எரிபொருள் கலம் + வெப்ப இயந்திரம்: கூட்டுத் திறன் 87% வருகிறது, நம்பலாமா?

கேள்வி:
800 டிகிரி செல்சியஸில் ஓடும் திட ஆக்சைடு எரிபொருள் கலம் (எரிபொருளை நேரடியாக மின்சாரமாக்கும் சாதனம்), அதன் கழிவு வெப்பத்தில் ஓடும் வெப்ப இயந்திரம். இரண்டையும் சேர்த்துக் கணினி மாதிரி எழுதியிருக்கிறேன். எரிபொருள் ஹைட்ரஜன். கலம் 0.7 வோல்ட்டில் இருக்கும்போது கூட்டுத் திறன் (எரிபொருளின் ஆற்றலில் மின்சாரமாகும் பங்கு) 87% காட்டுகிறது. எங்கேயோ இடிக்கிறது. இன்னொன்று: கலம் உச்ச மின்திறன் தரும் புள்ளியிலேயே மொத்த அமைப்பையும் ஓட்டலாமா?

பதில்:
அந்த 87 எப்படி வருகிறது என்று பாருங்கள். ஹைட்ரஜனின் எரிவெப்பத்தை அந்தச் சூட்டில் வோல்ட்டாக மாற்றினால் சுமார் 1.29. உங்கள் 0.7-ஐ அதனால் வகுத்தால் கலத்தின் பங்கு 54%. மீதி 46 முழுவதையும் 1073 கெல்வினில் கார்னோ இயந்திரத்துக்கு, அதாவது இழப்பே இல்லாத கற்பனை வெப்ப இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சூழல் 298 கெல்வின் என்றால் அதன் திறன் 72%. கூட்டல் சரிதான், அப்படியொரு இயந்திரம்தான் கிடையாது! உச்ச மின்திறனில் ஓடும் இயந்திரத்தின் திறனைத் தரும் கர்சன்–ஆல்போர்ன் சூத்திரம் போட்டால் 72 என்பது 47 ஆகும், மொத்தம் 76. அதுவும் அதிகம். உள்ளே வரும் காற்றைச் சூடாக்கப் போவதையும் சுவர் வழியே கசிவதையும் முதலில் கழியுங்கள். 2000-இல் கலிஃபோர்னியாவின் இர்வைனில் ஓடத் தொடங்கிய சீமன்ஸ் வெஸ்டிங்ஹவுஸின் 220 கிலோவாட் கலம்–டர்பைன் கூட்டமைப்பே 53% அளவில்தான் நின்றது.

இரண்டாவது கேள்விக்கு: கூடாது. மின்னோட்டம் ஏற ஏற வெப்பமும் கூடுவதால், கூட்டமைப்பின் உச்ச மின்திறன் கலத்தின் உச்சத்தைத் தாண்டித்தான் வரும். உச்சத் திறனோ அதற்கு வெகு முன்பே வந்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓட்டுங்கள்.

கேட்டவர்:
கசிவைச் சேர்த்தேன். இப்போது குறைந்த மின்னோட்டத்தில் இயந்திரத்தின் மின்திறன் மைனஸில் போகிறதே?

பதில்:
அது இயல்புதான். அங்கே கலம் தரும் வெப்பம் கசிவுக்கே போதாது. அந்தப் பகுதியில் இயந்திரத்தைப் பூஜ்யமாக வைத்துவிடுங்கள்.

மற்றொருவர்:
எரிபொருள் பயன்பாட்டை, அதாவது உள்ளே வரும் எரிபொருளில் கலம் செலவழிக்கும் பங்கை, விட்டுவிட்டீர்கள். 54% என்பது ஹைட்ரஜன் முழுக்கக் கலத்திலேயே தீர்ந்தால்தான். 85% பயன்பாடு என்றால் 46 ஆகிவிடும். மிச்சம் கலத்துக்கு அடுத்துள்ள பின்னெரிப்பானில் எரிந்து, வெப்ப இயந்திரமான டர்பைனின் நுழைவுச் சூட்டை ஏற்றும், அதனால் முழு நஷ்டமில்லை.

கேட்டவர்:
அப்போ பயன்பாட்டை 95-க்கு ஏற்றினால்?

மற்றொருவர்:
மாதிரியில் ஏற்றலாம். நிஜத்தில் வெளியேறும் முனையில் ஹைட்ரஜன் வற்றி, நீராவியே மிஞ்சும்; நெர்ன்ஸ்ட் வோல்ட்டேஜ் (வாயுக்களின் அளவைப் பொறுத்துக் கலம் தரக்கூடிய உச்ச வோல்ட்டேஜ்) சரியும், ஆனோடின் (எரிபொருள் பக்க மின்முனையின்) நிக்கல் ஆக்சைடாகும். டர்பைனுக்கும் சூடு குறையும். 80–85-லேயே நிறுத்துங்கள்.