சர்வர் ஹால் 20 டிகிரியில்தான் இருக்க வேண்டுமா? சென்னை டேட்டா சென்டர்கள்: கரண்டும் தண்ணீரும்

சில்லர்பாண்டி:
சிறுசேரிப் பக்கம் ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர் கணினிகள் இரவு பகலாக ஓடும் கட்டடத்தில், ஆறு வருடமாகக் குளிரூட்டும் பிரிவில் இருக்கிறேன். கத்திரி வெயிலிலும் எங்கள் ஹாலுக்குள் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது. 20 டிகிரி. ஏன் என்று கேட்டால், வாடிக்கையாளர் ஒப்பந்தம் அப்படி என்பார்கள். சர்வருக்குள் போகும் காற்று 27 டிகிரி வரை இருக்கலாம் என்று குளிரூட்டும் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே 2008-லேயே சொல்லிவிட்டது.

சிங்கப்பூர் நம்மைப் போலவே புழுக்கமான ஊர். அங்கே மொத்த மின்சாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனதால், 2019-ல் புதிதாகக் கட்டுவதையே நிறுத்தி வைத்தார்கள். அப்புறம் 2023-ல் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரநிலை கொண்டுவந்து, 26 டிகிரிக்கும் மேலே ஓட்ட வழி சொன்னார்கள். ஒரு டிகிரி ஏற்றினால் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் கணக்கு. இதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டாம். செட்டிங்கை மாற்றினால் போதும். சென்னையில் இதை ஏன் செய்யக்கூடாது?

ரேக்42:
அண்ணா, சர்வர் பக்கத்திலிருந்து பார்ப்பவன் நான். காற்று சூடானால் சர்வருக்குள் இருக்கும் ஃபேன்கள் வேகமெடுக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால் ஃபேன் இழுக்கும் கரண்ட் 33 சதவீதம் கூடும். அந்தக் கரண்ட் எந்தக் கணக்கில் வருகிறது? சர்வர் கணக்கில்.

எல்லோரும் காட்டுகிற பியூஇ என்பது, கட்டடத்தின் மொத்த மின்சாரத்தைச் சர்வர்கள் எடுக்கும் மின்சாரத்தால் வகுத்து வரும் எண். குறைவாக இருந்தால் நல்லது என்பார்கள். ஃபேன் அதிகம் இழுத்தால் வகுக்கும் எண் பெரிதாகி, பியூஇ குறைந்துவிடும். பேப்பரில் முன்னேற்றம் தெரியும், பில்லில் ஒன்றும் குறைந்திருக்காது. 27 வரை ஏற்றுவதை நான் ஏற்க மாட்டேன்.

சில்லர்பாண்டி:
தம்பி சொல்வது சரி. பியூஇ-யை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது, மொத்த மீட்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் 20-க்கும் 27-க்கும் நடுவே எவ்வளவோ இடம் இருக்கிறதே. 24 வரை போவதில் என்ன பயம்?

பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு வரிசையில் கீழே 20 டிகிரி காற்று விடுவோம். சர்வர்களை அடுக்கும் அலமாரியான ரேக்கின் மேல்பகுதியில் அளந்தால் 28 இருக்கும். பின்பக்கம் வரும் சூடான காற்று காலி ஸ்லாட் வழியாகச் சுற்றி முன்பக்கமே வந்துவிடுகிறது. அந்த ஒரு மூலைக்காக ஹால் முழுவதையும் குளிரில் போடுகிறோம். காலி ஸ்லாட்டுக்குத் தகடு போட்டு, சூடான காற்று வரும் பாதையை மூடி அடைத்தால் அந்த மூலை தானாகச் சரியாகும். அதன் பிறகு டிகிரி ஏற்றுவதில் ஆபத்து இல்லை.

தரமணி_கிணறு:
நீங்கள் இருவரும் கரண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். தண்ணீரை யார் பேசுவது? 2019 ஜூனில் எங்கள் தெருவில் கிணறு, போர் எல்லாம் வற்றி, ராத்திரி இரண்டு மணிக்கு லாரிக்குக் காத்திருந்தவள் நான்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் சூட்டை எடுத்துப் போகும். ஒரு மெகாவாட் சூட்டை, தண்ணீரை ஆவியாக்கிக் குளிரவைக்கும் கூலிங் டவரிலேயே வெளியேற்றினால் மணிக்கு 1,500 லிட்டர், நாளுக்கு 36,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி மூன்று. அதுவும் சில்லர் என்னும் குளிரூட்டும் இயந்திரத்தின் சொந்தச் சூட்டைச் சேர்க்காமல். ஒவ்வொரு டேட்டா சென்டரும் பத்து, இருபது மெகாவாட் என்று வருகிறது. பியூஇ-யில் இதில் ஒரு சொட்டாவது தெரியுமா? தண்ணீரே வேண்டாத, காற்றில் குளிரும் சில்லர் மட்டும்தான் இந்த ஊரில் அனுமதிக்கப்பட வேண்டும்.

சில்லர்பாண்டி:
அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் முடிவு தவறு. வெளியே 40 டிகிரி அடிக்கும்போது காற்றில் குளிரும் சில்லர் அந்த 40-ஐ எதிர்த்து வேலை செய்ய வேண்டும். டவரில் தண்ணீர் 30 அளவுக்கு இறங்கிவிடும். கரண்டில் பெரிய வித்தியாசம் வரும்.

நெம்மேலி மாதிரி ஆலையில் கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் ஆகிறது. உங்கள் 36,000 லிட்டருக்கு 150 யூனிட்டுக்குள் முடியும். ஒரு மெகாவாட் சர்வர் ஒரு நாளில் எடுப்பது 24,000 யூனிட். சில்லரில் மிச்சமாவது இந்த 150-ஐப் போலப் பல மடங்கு.

தரமணி_கிணறு:
அப்படியானால் கடலை எடுத்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? குடிநீருக்காகக் கட்டிய ஆலை அது. திரும்பக் கடலில் விடும் அடர்ந்த உப்புநீரும் உங்கள் கணக்கில் இல்லை.

ஆவியாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் சாக்கடை நீரைச் சுத்திகரித்து எடுங்கள். கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் சுத்திகரிக்கும் ஆலைகள் இருக்கின்றன. மணலி, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அங்கிருந்துதான் போகிறது. பழைய மகாபலிபுரம் சாலைக்கும் அப்படி ஒரு குழாய் வரட்டும், அதன் பிறகு டவருக்கு அனுமதி கொடுக்கட்டும்.

ஆரல்காற்று:
காற்றாலை ஊர்க்காரன் பேசுகிறேன். "100 சதவீதம் பசுமை மின்சாரம்" என்று விளம்பரம் செய்பவர்கள், வருடம் முழுவதும் எடுத்த கரண்டுக்குச் சமமாகப் பசுமை மின்சாரம் வாங்கி வருடக் கணக்கில் ஈடுகட்டுகிறார்கள். எங்கள் பக்கம் காற்று வீசுவது பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பர் ராத்திரியில் உங்கள் சர்வர் ஓடுவது பெரும்பாலும் நிலக்கரியில்தான். மணிக்கு மணி கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

சில்லர்பாண்டி:
சாக்கடை நீர் யோசனைக்கு நான் முழு ஆதரவு. குழாய் வரும் வரை டவரே கூடாது என்பதைத்தான் இன்னும் ஏற்க முடியவில்லை. அதுவரை எரியும் கூடுதல் நிலக்கரி யார் கணக்கு?

தரமணி_கிணறு:
அந்தக் காலத்துக்குள் வற்றும் கிணறு யார் கணக்கு, சார்? பியூஇ-க்குப் பக்கத்திலேயே தண்ணீர் மீட்டரையும் மாதாமாதம் வெளியிடட்டும். பிறகு பேசலாம்.

ரேக்42:
நான் பார்த்துக்கொள்ளும் சின்ன சர்வர் அறையில் நாளைக்குக் காலி ஸ்லாட் எல்லாவற்றுக்கும் தகடு போடுகிறேன். 21-லிருந்து 24-க்கு வாரம் ஒரு டிகிரியாக ஏற்றுவேன். மெயின் மீட்டர் ரீடிங்கை அப்படியே இங்கே போடுகிறேன், பியூஇ வேண்டாம். அண்ணா, மேல் ரேக்கில் சென்சாரை எந்த உயரத்தில் வைக்கட்டும்?