மறு: [கலைச்சொல்] கருப்பைவாய் பயாப்சி: ஒரு சொல்லா, இரண்டா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கருப்பைவாய் பயாப்சிக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற கேள்விக்கு, உயிர்த்திசு ஆய்வு, திசுச்சோதனை, சதைப் பரிசோதனை, இழையச் சோதனை என்று இந்த மடலிழையில் சொற்கள் குவிந்துவிட்டன. யார் படிக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் மேசையில் இருப்பது சென்னை மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் கொடுக்கப்போகும் இரண்டு பக்கத் துண்டறிக்கையும் அதனுடன் வரும் ஒப்புதல் படிவமும். பாப் ஸ்மியரில் (கருப்பைவாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் சோதனை) ஏதோ மாறுதல் தெரிகிறது, பயாப்சி செய்ய வேண்டும் என்று கேள்விப்பட்ட பெண், தன் டோக்கன் எண்ணுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அதைப் படிப்பார்.

> "திசு ஆய்வு" பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல். முன்னால் "கருப்பைவாய்" சேர்த்தால் போதும்.

போதாது, ஐயா. பயாப்சி என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. உடலிலிருந்து துணுக்கை எடுப்பது ஒன்று. அதை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, சில மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி, நோய்க்குறியியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்ப்பது இன்னொன்று. "ஆய்வு" இரண்டாவதை மட்டுமே சொல்கிறது. அந்தப் பெண் கேட்பதெல்லாம் முதலாவதைப் பற்றி: வலிக்குமா, மயக்க ஊசி போடுவார்களா, அன்றே வீட்டுக்குப் போகலாமா? அவர் கையெழுத்திடுவதும் முதலாவதற்குத்தான். ஆகவே என் முன்மொழிவு: அறையில் நடப்பது கருப்பைவாய்த் திசு எடுப்பு, ஆய்வகத்தில் நடப்பது திசு ஆய்வு.

> "எடுப்பு" என்றால் எனக்குச் சங்கீதத்தில் பாட்டு தொடங்கும் இடம்தான் நினைவுக்கு வருகிறது. பழைய எடுப்புக் கக்கூஸ் வேறு.

மார்கழியில் இந்தக் கேள்வி வந்திருந்தால் பதறியிருப்பேன். "கணக்கெடுப்பு" என்கிறோம், அங்கே யாருக்கும் தாளமோ கக்கூஸோ நினைவுக்கு வருவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைப் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சொல்லால் இன்னொரு வசதி. எடுக்கும் முறைகள் பல. சிறிய இடுக்கி போன்ற கருவியால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்குக் கவ்வி எடுப்பது கிள்ளெடுப்பு. கருப்பைவாயின் உட்புறக் குழாயிலிருந்து எடுப்பது வழித்தெடுப்பு. "சுரண்டல்" என்று எழுதினால் அரசியல் மேடைக்குப் போய்விடும். பெரிய பகுதியைக் கூம்பு வடிவில் அறுத்தெடுப்பது கூம்பெடுப்பு. கிள்ளல் கலைச்சொல்லுக்குரிய மதிப்பில்லாத சொல் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். கருவி செய்வது அதைத்தானே? கிள்ளு, நறுக்கு, சீவு, வழி, அறு என்று நம் மொழி ஒவ்வொரு செயலுக்கும் வேறு வினை வைத்திருக்கும்போது, எல்லாவற்றையும் "அகற்றம்" என்று மூடுவானேன்?

> கால்போஸ்கோப்புக்கு "யோனி உள்நோக்கி".

இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்காக 1925இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் மருத்துவர் ஹின்செல்மன் உருவாக்கிய அந்தக் கருவி உடலுக்கு உள்ளே போவதே இல்லை. உருப்பெருக்கும் ஆடியும் விளக்கும் கொண்ட அது, படுத்திருப்பவரின் உடலுக்குச் சுமார் ஒரு அடி தள்ளி வெளியே நிற்கிறது. உள்ளே வைக்கப்படுவது யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் மட்டும். பாப் ஸ்மியருக்கும் அதே கருவிதான். "உள்நோக்கி" என்று படித்தவர், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் என்டோஸ்கோப்பியை நினைத்து மிரள்வார். "பெருக்குநோக்கி" என்றே இருக்கட்டும்.

அடுத்து, 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைத் தடவியதும் மாறுதலடைந்த இடம் ஒரு நிமிடத்தில் வெண்மையாகத் தெரியுமே, அதற்கு ஒருவர் "வெள்ளைப்பாடு" என்றார். நம் ஊரில் "வெள்ளைப்படுதல்" என்ன என்று தெரிந்துமா? "வெண்புள்ளி"யும் வேண்டாம், அது தோல் மருத்துவரின் சொத்து. "அமில வெளிறல்" என்கிறேன். அயோடின் தடவினால் இயல்பான பகுதி கரும்பழுப்பாகும், மாறிய பகுதி மஞ்சளாகவே நிற்கும்; அதற்குத் தனிச்சொல் தேவையில்லை.

இந்த அமிலச் சோதனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வெளிவந்தது. சோதனை நடந்த பகுதிகளில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் ஏற்பட்ட இறப்பு 35 சதவீதமும் குறைந்திருந்தன. இதையெல்லாம் தமிழில் சொன்னால் யாருக்குப் புரியும் என்று சலித்துக்கொண்டவருக்காக இதை எழுதினேன்.

கழுத்தா வாயா என்பதில் நேரம் செலவிட வேண்டாம். இலங்கையில் கருப்பைக் கழுத்து, இங்கே கருப்பைவாய். ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுங்கள், அவ்வளவுதான். பிரித்தால் "கருப்பை" ஒரு வரியின் கடைசியில் நின்று, அடுத்த வரி "வாய்ப் புற்றுநோய்" என்று தொடங்கும்.

துண்டறிக்கையின் நடுப்பகுதி இப்போது இப்படி இருக்கிறது. மருத்துவம் தெரிந்தவர்கள் பாருங்கள்:

"மாதவிடாய் இல்லாத நாளில் வாருங்கள். முந்தைய இரண்டு நாள்கள் உடலுறவும், யோனியில் வைக்கும் மருந்தும் வேண்டாம். கருவுற்றிருந்தாலோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லிவிடுங்கள். பெருக்குநோக்கியால் பார்ப்பதும் திசு எடுப்பும் சேர்ந்து பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அமிலம் சற்று எரியலாம். கிள்ளும் நொடியில் உங்களை இருமச் சொல்லக்கூடும். சுருக்கென்று இருக்கும், பிறகு மாதவிடாய் வலிபோல் அடிவயிறு பிடிக்கலாம். இரத்தத்தை நிறுத்த ஒரு பசை தடவுவார்கள். அதனால் சில நாள்களுக்கு டிகாஷன் இறங்கிய காபித் தூள்போலக் கறுப்பாகக் கசியும், பயப்பட வேண்டாம். கசிவு நிற்கும்வரை, அல்லது மருத்துவர் சொல்லும் நாள்வரை, உடலுறவைத் தவிருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைந்தாலோ, காய்ச்சலோ துர்நாற்றமோ கடுமையான வயிற்றுவலியோ இருந்தாலோ உடனே வாருங்கள்."

தலைப்பில் "புற்று" என்ற சொல்லையே நான் சேர்க்கவில்லை. எடுப்பது தீர்ப்பல்ல; முடிவில் தெரியவரும் லேசான மாறுதல்களில் பெரும்பாலானவை தாமாகவே மறைந்துவிடுகின்றன.

அன்புடன்,
மயிலாப்பூரிலிருந்து

*

அக்காவுக்கு வணக்கம். செவிலியராக என் பங்குக்கு ஒன்று. "கிள்ளெடுப்பு" எங்களுக்கு உடனே பிடித்துவிட்டது. "திசு"தான் சிக்கல். திசு என்றால் கை துடைக்கும் டிஷ்யூவா என்று கேட்டவர் உண்டு. நாங்கள் வாயால் சொல்வது "சதை" என்றே. ஆனால் "சதை எடுப்பது" என்றதும் துணைக்கு வந்த மாமியார் எழுந்து நின்றுவிடுகிறார், அத்தனை பெரிதாகத் தோன்றுகிறது அவருக்கு. கொஞ்சம் சிறிதாக்கிச் சொல்ல வழி இருக்கிறதா?

*

தங்கைக்கு நன்றி. இந்தக் குழுமத்துக்கு வரவேண்டிய மடல் இதுதான். துண்டறிக்கையில் முதல் இடத்தில் "சதைத் துணுக்கு (திசு)" என்று போட்டு, பக்கத்திலேயே மில்லிமீட்டர் அளவையும் கொடுத்துவிடுகிறேன். படிவத்தில் "திசு எடுப்பு" அப்படியே நிற்கும், ஏனென்றால் அது கோப்புக்குப் போகிறது. அந்த மாமியாருக்கு அளவைக் கையாலேயே காட்டிவிடுங்கள், எந்தச் சொல்லும் அதற்கு ஈடாகாது.

மீதி இருப்பது ஸ்பெகுலம். "விரிப்பான்" என்று வைத்திருக்கிறேன், தரை விரிப்பு போல ஒலிக்கிறது என்று கணினி நண்பர் ஏற்கெனவே தனிமடலில் கேலி செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் நல்லது ஒன்று வராவிட்டால் ஸ்பெகுலம் என்றே விட்டுவிடுவேன்.