ஜிலிப் ஸ்ட்ரீம் சங்கிலியில் கடைசி எழுத்து குறைகிறது: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாப் பாடல்களை ஊர்ப் பெரியவர்கள் திஸ்கியில் (பழைய தமிழ் எழுத்துக் குறியாக்கம்) தட்டச்சு செய்து, ஜிசிப் என்ற கோப்புச் சுருக்க முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள். பாடியவர்களில் பலர் இன்று இல்லை, அதனால் ஓர் எழுத்துகூட விடாமல் யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்கான நிரலை சி மொழியில், ஜிலிப் (GLib) நூலகத்தின் உள்ளீடு-வெளியீட்டுப் பகுதியான ஜிஐஓ வைத்து எழுதுகிறேன். கோப்பைப் படிக்கும் ஸ்ட்ரீமின் (பைட்டுகளின் ஓட்டம்) மேல் ஒரு கன்வர்ட்டர் இன்புட் ஸ்ட்ரீம் (படிக்கும்போதே தரவை மாற்றித் தருவது), அதில் சுருக்கம் பிரிக்கும் இசட்-லிப் (zlib) டிகம்ப்ரசர். அதன் மேல் இன்னொன்று, அதில் எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் சார்செட் கன்வர்ட்டர், திஸ்கியிலிருந்து யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவத்துக்கு. உச்சியில் வரி வரியாகப் படிக்க டேட்டா இன்புட் ஸ்ட்ரீம். மேலே உள்ளதை மூடினாலே கீழே எல்லாம் மூடிக்கொள்ளும், அதில் சிக்கல் இல்லை.

சிக்கல் கோப்பின் கடைசியில்தான். வரி முறிவு இல்லாமல் முடியும் கோப்புகளில் கடைசி எழுத்தின் புள்ளியோ கொம்போ வராமல் போகிறது. பிழைச் செய்தியும் இல்லை. அதே கோப்பைக் குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் (iconv) கட்டளையில் கொடுத்தால் முழுதாக வருகிறது. திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னால் நிற்கும், யூனிகோடில் பின்னால் வரவேண்டும். அதற்காக, சார்செட் கன்வர்ட்டரும் உள்ளே பயன்படுத்தும் ஐகான்வ் கொஞ்சம் பிடித்து வைக்கிறது. உள்ளீடு முடிந்ததும், உள்ளீட்டின் இடத்தில் 'நல்' (NULL, வெற்றுச் சுட்டி) கொடுத்து அழைத்தால்தான் அதை வெளியே விடும். இந்த அழைப்பு சார்செட் கன்வர்ட்டரில் நடக்கவில்லை என்பது என் சந்தேகம்.

ஜிகன்வர்ட்டர் இன்டர்ஃபேஸை (ஜிஐஓவில் மாற்றிகளுக்கான பொது இடைமுகம்) நானே எழுதி, உள்ளீடு முடிந்ததைச் சொல்லும் 'இன்புட் அட் எண்ட்' கொடி வரும்போது அந்த அழைப்பைச் செய்வது சரியா? அப்போது வெளியீட்டு இடம் போதாவிட்டால் 'நோ ஸ்பேஸ்' பிழை கொடுத்தால் மேலுள்ள ஸ்ட்ரீம் மறுபடி கேட்குமா? நடுவில் ஒரு வரி முறிவைச் சேர்த்துவிடும் வடிகட்டி போடலாம்தான், ஆனால் மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மனம் வரவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். வேலூர், காட்பாடி பக்கம் இருந்தால் நேரிலேயே வருகிறேன்.