மறு: லேஸ் பின்னலுக்குச் சரிகை வேண்டாம், 'கண்பின்னல்' போதும்

வணக்கம் அக்கா, மற்ற நண்பர்களுக்கும். கம்பளிப் பின்னலுக்கும் சாயத்துக்கும் நாம் தொகுக்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் லேஸ் பின்னலுக்கு என்ன சொல் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> அகராதியில் லேஸுக்குச் சரிகை என்றுதான் இருக்கிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு புடவைக் கடையில் ஏறிச் சரிகை என்று கேட்டுப் பாருங்கள், பளபளக்கும் பட்டைத்தான் விரித்துப் போடுவார்கள். சரிகை உலோக இழை. நாம் பேசுவது 100 கிராமில் ஏறக்குறைய 800 மீட்டர் ஓடும் மெல்லிய கம்பளி நூலில் வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் பின்னுவதை. இரண்டுக்கும் ஒட்டே இல்லை.

போன மடலில் வந்த 'துளைப்பின்னல்' பரவாயில்லை, ஆனால் துளை என்றால் முழுசாக இருந்ததில் பிறகு போட்டது என்று தோன்றுகிறது. வலையில் இருப்பது கண், சல்லடையில் இருப்பதும் கண். பின்னும்போதே உண்டாகிற இடைவெளி அது. ஊசியின் மேல் நூலை ஒரு சுற்றுப் போட்டால் அந்த இடத்தில் கண் விழும், கூடவே ஒரு வளையமும் கூடிவிடும். அதை ஈடுகட்ட இரண்டு வளையங்களைச் சேர்த்து ஒன்றாகப் பின்ன வேண்டும். சேர்ப்பு வலம் சாய்கிறதா இடம் சாய்கிறதா என்பதில்தான் இலையும் அலையும் உருவாகின்றன. ஆகவே கண்பின்னல், கண்விடல், வலச்சேர்ப்பு, இடச்சேர்ப்பு.

> கண், கண்ணி இரண்டும் குழம்பாதா?

குழம்பும் அண்ணா, வாய்விட்டுப் படித்துக் காட்டும்போது கட்டாயம் குழம்பும். அதனால்தான் ஊசியில் இருப்பதைக் கண்ணி என்று சொல்லாமல் வளையம் என்று எழுதினேன்.

பின்னி முடித்த சால்வை கசங்கிய துணிபோல்தான் இருக்கும், கண்கள் தெரியவே தெரியாது. தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து முறுக்காமல் துண்டில் ஒற்றி, இழுத்து விரித்துக் குண்டூசி குத்திக் காயவிட்டால்தான் வடிவம் நிற்கும். இதற்கு ஆங்கிலத்தில் blocking என்பதை அப்படியே பெயர்த்து 'தடுத்தல்' என்று யாரோ எழுதியிருந்தீர்கள். எதைத் தடுக்கிறோம்? விரித்துலர்த்தல் என்று செய்வதைச் சொல்லிவிடலாம். (பினாங்கில் மழைக்காலத்தில் முதல் பாதி நடக்கும், உலர்த்தல் நம் கையில் இல்லை. இந்த ஊரில் கம்பளி எதற்கு என்பவர்கள் ஏர்கோன் ஆபீஸில் ஒரு நாள் உட்காரட்டும்.)

சாயப் பகுதிக்குப் புதுச் சொல் அதிகம் தேவைப்படாது. நூலைச் சுற்றிக் கட்டிய கட்டுக்கு நெசவாளர்களிடம் சிட்டம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்? கம்பளிக்கான அமிலச் சாயத்துக்கு வினிகர் போதும். தண்ணீர் கொதிக்காமல் ஆவி பறக்கும் சூட்டில் இருக்க வேண்டும், கிளறக் கூடாது, சூட்டிலிருந்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போடவும் கூடாது. போட்டால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கி அடர்ந்துபோகும். அதற்கு 'திரைதல்' என்ற முன்மொழிவு வேண்டாமே, பால்தான் நினைவுக்கு வருகிறது. 'இறுகல்' சரியாக இருக்கும்.

இயற்கைச் சாயத்தில் மஞ்சள் நேராகவே பிடிக்கும், வெயிலில் சீக்கிரம் வெளுத்தும் போகும். மலாய்க்காரர்கள் செப்பாங் என்கிற பதிமுகக் கட்டைக்கோ முதலில் நூலைப் படிகாரத்தில் ஊறவைத்தால்தான் சிவப்பு நன்றாக நிற்கும். அந்தப் படிகாரத்தின் வேலைக்குச் 'சாயப்பற்றி' என்று போட்டிருக்கிறேன். அக்கா, பட்டியலில் சேர்க்கும் முன் இந்த ஒன்றை மட்டும் மற்றவர்களிடம் கேட்டுவிடுங்கள். மற்ற சொற்களுக்கு மறுப்பு இருந்தால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.