மெக்கானிக்கல் முடித்து ஒரு வருஷம், 140 இடத்துக்கு அனுப்பியும் உருப்படியான அழைப்பு இல்லை. ரெஸ்யூமேயில் என்ன தப்பு?

அருப்புக்கோட்டை மெக்:

எல்லோருக்கும் வணக்கம். 2024-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் தனியார் கல்லூரி, சிஜிபிஏ 6.9. மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்தது, அடுத்த முறையே எழுதித் தேறிவிட்டேன், இப்போது பாக்கி எதுவும் இல்லை. கேம்பஸுக்கு வந்தவை பெரும்பாலும் ஐ.டி. கம்பெனிகளும் பிபிஓக்களும்தான். மெக்கானிக்கலுக்கு என்று வந்தது இரண்டு, இரண்டிலும் கடைசிச் சுற்றோடு நின்றுவிட்டேன்.

அதிலிருந்து நௌக்ரியிலும் லிங்க்ட்இன்னிலும் போட்டுக்கொண்டே இருக்கிறேன். எங்கெங்கே அனுப்பினேன் என்று ஒரு நோட்டில் எழுதி வருகிறேன், நேற்றோடு 140. அழைப்பு வந்தது மூன்று, அதில் இரண்டு இன்சூரன்ஸ் விற்கிற வேலை. மூன்றாவதுக்கு ராத்திரி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் போனேன், ஐ.டி.ஐ. படித்தவர்கள்தான் வேண்டும் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ரெஸ்யூமே இரண்டு பக்கம், இணையத்தில் எடுத்த டெம்ப்ளேட். இடது பக்கம் நீலப் பட்டையில் போட்டோ, போன் நம்பர், ஸ்கில்ஸ் (ஆட்டோகேடுக்கு நான்கு நட்சத்திரம், சாலிட்ஒர்க்ஸுக்கு மூன்று). வலது பக்கம் ஆப்ஜெக்டிவ், படிப்பு, ஃபைனல் இயர் புராஜெக்ட், ஹாபி, அப்பா பெயர், மதம், கடைசியில் டிக்ளரேஷன். புராஜெக்ட் சோலாரில் ஓடும் மருந்து தெளிப்பான். எல்லாக் கம்பெனிக்கும் இதே ஃபைல்தான் போகிறது. வீட்டில் யாரும் எதுவும் கேட்பதில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

ஒரகடம் குவாலிட்டி:

தம்பி, 14 வருஷமாக வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பக்கம் இருக்கிறேன், டிரெய்னி எடுக்கும்போது பேனலிலும் உட்காருவேன். முதலில் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் செலக்ட் செய்து, நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே எப்படித் தெரிகிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் பல கம்பெனிகளின் மென்பொருளும் உங்களைப் படிக்கும். இரண்டு பத்தி டெம்ப்ளேட்டில் இடது பக்கத்து வரியும் வலது பக்கத்து வரியும் கலந்து, ஆட்டோகேடுக்கு நடுவில் காலேஜ் பெயர் வந்து நிற்கும். போன் நம்பரைப் படமாக வைத்த டெம்ப்ளேட் என்றால் நம்பரே வராது. இடது வலது என்று பிரிக்காமல் ஒரே பத்தி, ஒரே பக்கம், கறுப்பு எழுத்து போதும். நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள், நான்கு நட்சத்திரம் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, உங்களாலும் சொல்ல முடியாது. எந்தப் பாகத்துக்கு வரைபடம் போட்டீர்கள் என்று எழுதுங்கள், அது புரியும்.

மதம், அப்பா பெயர், ஹாபி, டிக்ளரேஷன் எதுவும் வேண்டாம். ஆதார் நம்பரை ரெஸ்யூமேயில் போடவே கூடாது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியலோடு எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை எழுதுங்கள், ஆதாரிலும் அதே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் அப்பா பெயராக விரிந்து கிடக்கும். வேலை கிடைத்தபிறகு பி.எஃப். கணக்கை ஆதாரோடு இணைக்கும்போது அங்கே போய் மாட்டிக்கொண்ட பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் ஃபைல் பெயர். ரெஸ்யூமே நியூ ஃபைனல் என்றே நூறு ஃபைல் வருகிறது, உங்கள் பெயரும் மெக்கானிக்கல் 2024 என்றும் வையுங்கள்.

அரியரை மறைக்க வேண்டாம், கேட்டால் சொல்லுங்கள், முடித்துவிட்டீர்கள் அல்லவா. 6.9 ஒன்றும் மோசமில்லை. ஆனால் 140 இடத்துக்கும் ஒரே ஃபைல் போனதுதான் பெரிய தப்பு. மெயின்டனன்ஸ் வேலைக்கும் டிசைன் வேலைக்கும் மேலே நிற்க வேண்டிய வரி வேறு வேறு.

புராஜெக்டை இரண்டு வரியில் இங்கே எழுதுங்கள், பார்ப்போம். அதில் நீங்கள் கையால் செய்தது எது?

அருப்புக்கோட்டை மெக்:

அண்ணா, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே எல்லாம் கலந்துதான் வருகிறது, போன் நம்பர் வரவே இல்லை. ஒரு வருஷமாக இதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.

புராஜெக்ட் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான்கு பேர் சேர்ந்து மதுரையில் ஒரு கடையில் பாதி செய்ததை வாங்கி, பிரேம் மட்டும் நாங்கள் வெல்டு வைத்தோம். பம்பு ஏன் அந்த அளவு என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கையால் செய்தது என்றால் வீட்டுத் தறி வேலைதான். அப்பாவுக்கு எட்டு விசைத்தறி. பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்து பெல்ட், பேரிங் மாற்றுவது, நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை) பறந்தால் பார்ப்பது எல்லாம் நான்தான் செய்கிறேன். அது வீட்டு வேலை என்பதால் ரெஸ்யூமேயில் போடவில்லை.

ஒரகடம் குவாலிட்டி:

தம்பி, இதை ஏன் முதல் பதிவில் எழுதவில்லை? நாடா ஏன் பறக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அருப்புக்கோட்டை மெக்:

முதலில் பிக்கரை, அதாவது நாடாவை அடித்துத் தள்ளும் பாகத்தைப் பார்ப்பேன், தேய்ந்து குழி விழுந்திருந்தால் நாடா நேராகப் போகாது. அது சரியாக இருந்தால் பாவு (நீளவாட்டு நூல்கள்) முழுசாகத் திறப்பதற்கு முன்னாலேயே அடி விழுகிறதா என்று கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பேன். சில நேரம் அறுந்த பாவு நூல் ஒன்று குறுக்கே கிடந்தாலும் தட்டிவிடும். ஒரே தறியில் திரும்பத் திரும்ப வந்ததால் போன வருஷம் நோட்டு போட்டேன், எந்தத் தறி, என்ன கோளாறு, எவ்வளவு நேரம் நின்றது என்று. ஐந்தாம் நம்பர் தறிதான் அதிகம். பிக்கர் ஸ்டிக்கைத் தாங்கும் இடம் தளர்ந்திருந்தது, மாற்றியபிறகு குறைந்துவிட்டது.

ஒரகடம் குவாலிட்டி:

நோட்டு போட்டு, எது அதிகம் நிற்கிறது என்று பிரித்து, காரணத்தைக் கண்டு, மாற்றி, குறைந்ததா என்றும் பார்த்திருக்கிறீர்கள். எங்கள் ஷாப் ஃபுளோரில் பிரேக்டவுன் அனாலிசிஸ் என்று இதையேதான் செய்கிறோம், அதற்கு டிரெய்னிங் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். இதைப் பக்கத்தின் மேலே வையுங்கள். தெளிப்பான் கீழே ஒரு வரி, பிரேம் வெல்டிங் என்று மட்டும். செய்யாததை எழுதினால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இன்டர்வியூவுக்கு அடிப்படையைத் திருப்பிப் பாருங்கள். நான் எப்போதும் கேட்பது 20 எச்7 துளை (20 மில்லிமீட்டர் துளைக்கு அனுமதிக்கும் அளவு வித்தியாசத்தின் குறியீடு) என்றால் எதிலிருந்து எது வரை. 20.000-இலிருந்து 20.021 மில்லிமீட்டர் வரை. சரி, அதை வெர்னியரில் அளக்கலாமா என்று அடுத்து கேட்பேன். 0.02 வரைதான் காட்டும் கருவியை வைத்து 0.021 இடைவெளியை எப்படித் தீர்மானிப்பது? துளையைத் துல்லியமாகப் பார்க்கும் போர் கேஜோ பிளக் கேஜோ வேண்டும் என்று சொல்கிற பிள்ளையைப் பார்த்தால் மார்க் ஷீட்டைக்கூடத் திருப்பமாட்டேன்.

சேலம்_2019:

எல்லாம் சரி, ஆனால் ஃபிரெஷர் என்று போட்டால் யாரும் எடுப்பதில்லை என்பதுதான் நிஜம். சென்னையில் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டினால் இரண்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் தருகிறார்கள். என்கூடப் படித்தவன் அப்படித்தான் உள்ளே போனான்.

கோவை ஹெச்ஆர்:

தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். பம்பு, ஃபவுண்டரி கம்பெனிகளுக்கு ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு வருஷம் வேலை பார்த்தேன் என்கிறவரிடம் பி.எஃப். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்போம். யுஏஎன் என்கிற பி.எஃப். நம்பரில் எந்தத் தேதியிலிருந்து எந்தக் கம்பெனி என்று வரிசையாக இருக்கும், லெட்டரில் இருப்பது அங்கே இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்து, அன்றைக்கே வெளியே அனுப்பிய ஒரு பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

தம்பி, நீங்கள் நேஷனல் அப்ரன்டிஸ்ஷிப் டிரெய்னிங் ஸ்கீம் பார்த்தீர்களா? என்ஏடிஎஸ் என்று தேடினால் அரசு போர்ட்டல் வரும். தென் மண்டல அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. பட்டதாரிக்கு ஒரு வருஷப் பயிற்சி, 2019-இல் திருத்திய விதியில் குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று இருந்தது, முடிவில் மத்திய அரசு சான்றிதழ். திருச்சி பெல், நெய்வேலி என்எல்சி, அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எல்லாம் இதில் ஆள் எடுக்கின்றன, தனியார் கம்பெனிகளும் எடுக்கின்றன. முடிந்ததும் அங்கேயே வேலை நிச்சயம் என்று நினைத்துப் போகவேண்டாம். ஆனால் அடுத்த இடத்தில் நீங்கள் சும்மா இருந்தவர் இல்லை. வெளியே ஒரு வருஷம் வேலை அனுபவம் சேர்ந்துவிட்டால் இதில் சேர முடியாது, அதனால் இப்போதே பதிவு செய்யுங்கள்.

விருதுநகர் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தனியார் வேலை முகாம் எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளத்திலும் பதிவு செய்யலாம், கட்டணம் கிடையாது. தறி மெயின்டனன்ஸ் தெரிந்தவருக்கு ராஜபாளையம், கோவை பக்கத்து ஸ்பின்னிங் மில்களையும் டெக்ஸ்டைல் மெஷின் செய்யும் கம்பெனிகளையும் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூரையே ஏன் பார்க்க வேண்டும் என்பது என் கேள்வி. நௌக்ரியில் புரொஃபைலை இரண்டு நாளுக்கு ஒருமுறை திறந்து ஒரு வரியாவது மாற்றுங்கள், நாங்கள் தேடும்போது சமீபத்தில் வந்து போனவர்களைத்தான் முதலில் வடிகட்டுகிறோம்.

இன்னொன்று. நான் படித்து முடித்த புதிதில் பெரிய கம்பெனி பெயரில் ஆஃபர் லெட்டர் வந்தது, சர்டிஃபிகேட் சரிபார்க்க 2,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அம்மாவிடம் வாங்கிக் கட்டினேன். அடுத்த நாள் அந்த நம்பர் இல்லை. வேலை தருகிறேன் என்று பணம் கேட்டால் அது வேலை இல்லை. கட்டிவிட்டால்கூட வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு கூப்பிடுங்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள்.

அருப்புக்கோட்டை மெக்:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. என்ஏடிஎஸ்ஸில் பதிவு செய்துவிட்டேன். ரெஸ்யூமேயை ஒரே பக்கமாக்கிவிட்டேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் போடுகிறேன், சரியா பாருங்கள்: "விசைத்தறி பராமரிப்பு மேலாளர், அருப்புக்கோட்டை. எட்டுத் தறிகளில் பெல்ட், பேரிங், பிக்கர் மாற்றுதல், மோட்டார் சரிபார்த்தல். ஆறு மாதப் பழுதுக் குறிப்பு எழுதி, அதிகம் நின்ற தறியைக் கண்டறிந்து, பிக்கர் ஸ்டிக் தாங்கியை மாற்றினேன். மாதம் 11 முறை நின்றது 3 ஆகக் குறைந்தது."

ஒரகடம் குவாலிட்டி:

மேலாளர் வேண்டாம். "குடும்பத் தறிக்கூடத்தில் பராமரிப்பு, படிப்போடு சேர்த்து" என்று இருப்பதை எழுதுங்கள், அதற்கே மதிப்பு இருக்கிறது. 11, 3 இரண்டும் நோட்டில் இருக்கிறதா?

அருப்புக்கோட்டை மெக்:

இருக்கிறது அண்ணா, தேதியோடு. மேலாளரை எடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வாக்-இன் இருக்கிறது, நோட்டைக் கையோடு கொண்டு போகலாமா? பக்கமெல்லாம் எண்ணெய்க் கறை.

ஒரகடம் குவாலிட்டி:

கட்டாயம் கொண்டு போங்கள். வேறு நோட்டில் எழுதி அழகாக்க வேண்டாம், அதே நோட்டு. போய்வந்து என்ன கேட்டார்கள் என்று இங்கே எழுதுங்கள்.