எழுத்துப்பிழை திருத்தப் போய் சோதனை முழுக்கச் சிவப்பு: மெட்பிளொட்லிப் ஆவணம், உதவி தேவை

வந்தாறுமூலை மாணவி
சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலையில் விவசாயம் படிக்கிறேன், இறுதியாண்டு. மட்டக்களப்பு மழைவீழ்ச்சியை மாதவாரியாக வரைய மெட்பிளொட்லிப் பாவிக்கிறேன், பைதன் மொழியில் வரைபு வரையும் மென்பொருள். வடகீழ்ப் பருவமழை மாதங்கள் மலைபோல் நிற்க, நடுவாண்டு மாதங்கள் தரையோடு கிடக்கும். அதனால் மடக்கை அளவுத்திட்டத்தில் வரைந்து பார்க்க அதன் ஆவணத்தில் உள்ள உதாரணப் பக்கங்களைத் தேடி வாசித்தேன். வாசிக்கும்போது கண்ணில் பட்ட எழுத்துப்பிழைகளைக் குறித்து வைத்து, அதன் மூல நிரல் இருக்கும் கிட்ஹப் தளத்தில் போர்க் (எனக்கென ஒரு நகல்) எடுத்து, திருத்தி, முதல் தடவையாக ஒரு புல் ரிக்வெஸ்ட் (திருத்தத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) போட்டேன். அங்கே தானாக ஓடும் சோதனை எல்லாம் சிவப்பாக, அதாவது தோல்வியாக, நிற்கிறது.

செய்தது இவ்வளவுதான். ஓர் உதாரணப் பக்கத்தின் தலைப்பில் லோகரிதமிக் என்ற சொல்லில் எச் எழுத்து விடுபட்டிருந்தது, சேர்த்தேன். சென்டர் என்ற சொல் ஈ ஆர் என்று முடிந்த இடங்களை எல்லாம் ஆர் ஈ என்று மாற்றினேன். ஒரு பந்தியில் அக்சிஸ் (அச்சு) என்று வரவேண்டிய இடங்களில் அக்சஸ் என்று இருந்தது, அதையும் மாற்றினேன்.

மெட்பிளொட்லிப்பின் வரைதல் கட்டளைகள் உள்ள பைபிளொட் பகுதியின் பக்கமொன்றில் 'த' என்ற ஆங்கிலச் சொல் இரண்டு தடவை அடுத்தடுத்து வருகிறது. அதைத் திருத்த பைபிளொட் கோப்பைத் திறந்து அந்த வசனத்தை அப்படியே தேடினேன், கோப்பிலேயே இல்லை. பக்கத்தில் தெரிகிற வசனம் கோப்பில் இல்லாமல் எப்படி?

எழுத்துப்பிழை தேடும் கோட்ஸ்பெல் என்ற கருவியையும் முழுக் கோப்புறை மேலும் ஓட்டினேன். நீளமான பட்டியல் வந்தது. எல்லாவற்றையும் திருத்தி இதிலேயே சேர்க்கவா? இவ்வளவு சின்ன விசயத்துக்கு அவ்வளவு பெரிய ஆட்களின் நேரத்தை எடுக்கிறேனோ என்று பயமாகவும் இருக்கிறது. இரண்டு நாளாக இதே யோசனை.

அக்கரைப்பற்று நிரலர்
சனி இரவு

தங்கச்சி, முதலில் அந்தப் பயத்தை விடுங்க. ஒரு தடவை வேறொரு தொகுப்பின் விளக்கப் பக்கத்தில் அளவுருப் பெயர் ஓரெழுத்து பிழையாக இருந்து, அதைப் பார்த்து எழுதிய எனக்கு அரைநாள் போனது. என் நிரலில்தான் பிழை என்று நினைத்து மாறி மாறித் தேடினேன். அந்த எழுத்தை எனக்கு முன்னால் யாராவது திருத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். நீங்க செய்யப் போறது அந்த வேலைதான்.

சோதனை ஓடிய பதிவு இருக்கும் லொக் பக்கத்தைக் கீழே வரைக்கும் இழுத்து, எரர் என்று வருகிற வரிகளை மட்டும் இங்கே எழுதுங்க. முழுவதும் தேவையில்லை.

வந்தாறுமூலை மாணவி
ஞாயிறு காலை

நன்றி நானா. இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, தலைப்பின் மேற்கோடு போதாது என்று ஸ்பிங்ஸ் (ஆவணப் பக்கங்களைக் கட்டும் கருவி) தருகிற வோர்னிங். மற்றது வெல்யூ எரர்: 'சென்டர்' என்று நான் மாற்றிய எழுத்தில் இருப்பது செல்லுபடியாகாத பெறுமதி என்கிறது. நான் நிரலைத் தொடவே இல்லையே, சொற்களைத்தானே திருத்தினேன்?

அக்கரைப்பற்று நிரலர்
ஞாயிறு காலை

இரண்டும் விளங்கிற்று.

முதலாவதை எடுப்போம். உதாரணக் கோப்பைத் திறந்து உச்சியைப் பாருங்க. தலைப்புக்கு மேலே ஒரு சமக்குறி வரிசை, கீழே ஒரு சமக்குறி வரிசை இருக்கும். அது அழகுக்குப் போட்ட கோடு இல்லை. அந்தக் கோட்டை வைத்துத்தான் இது தலைப்பு என்று ஸ்பிங்ஸ் கண்டுபிடிக்கும். கோடு தலைப்பைவிடக் குறுகினால் வோர்னிங் தரும். நீங்க ஒரு எச் சேர்த்ததும் தலைப்பு ஓரெழுத்து நீண்டுவிட்டது, கோடு பழைய நீளத்திலேயே நிற்கிறது. மெட்பிளொட்லிப் ஆவணத்தைக் கட்டும்போது வோர்னிங்கையும் எரராகவே எடுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் ஒரு வோர்னிங்குக்கே சிவப்பு.

மேலே ஒரு சமக்குறி, கீழே ஒரு சமக்குறி சேருங்க. இரண்டிலும் சேர்க்கவேணும். ஒன்றில் மட்டும் சேர்த்தால் மேற்கோடும் கீழ்க்கோடும் பொருந்தவில்லை என்று அதைவிடக் கடுமையான எரர் வரும்.

இரண்டாவது. அந்த உதாரணப் பக்கங்கள் வெறும் எழுத்து இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பைதன் கோப்பு. ஸ்பிங்ஸ் கெலரி என்ற நீட்சி அவற்றை உண்மையாகவே ஓட்டி, வருகிற படத்தைப் பக்கத்தில் ஒட்டும். எழுத்தை எங்கே நிறுத்துவது என்று சொல்லும் கிடை ஒழுங்கமைப்பு அளவுருவுக்கு இடது, வலது, நடு என்ற மூன்று பெறுமதிதான். நடு என்பதை ஈ ஆர் என்று முடிகிற எழுத்தில் கொடுத்தால் மட்டும்தான் அது ஏற்கும். நீங்க தேடி மாற்றும்போது விளக்கப் பந்தியோடு சேர்த்து, மேற்கோளுக்குள் இருந்த இந்தப் பெறுமதியும் மாறிவிட்டது. நிரல் உடைந்தது அதனால்தான்.

களுவாஞ்சிகுடி ரீச்சர்
ஞாயிறு மத்தியானம்

மகள், இதற்கு நான் பதில் சொல்லத்தான் வேணும், ஏனென்றால் ஆர் ஈ என்று உங்களுக்கெல்லாம் படிப்பித்தது என்னைப் போன்ற ஆட்கள்தான். எங்கட பாடத்திட்டம் பிரித்தானிய எழுத்துக்கூட்டல். கலர் என்றால் ஓ யூ ஆர், கிரே என்றால் நடுவில் ஈ. வினாத்தாளில் அப்படித்தான் எழுதவேணும். அமெரிக்க வழக்கில் கலர் ஓ ஆர், கிரே நடுவில் ஏ. அதுவும் சரியான ஆங்கிலம்தான். ஒரு திட்டம் எந்த வழக்கில் எழுதுகிறதோ அந்த வழக்கிலேயே விட்டுவிட வேணும். எங்களுக்குப் பழகாத எழுத்தெல்லாம் பிழையாகிவிடாது.

நான் பிள்ளைகளின் கட்டுரை திருத்தும்போது கையில் ஒரு சிவப்புப் பேனையும் ஒரு பென்சிலும் வைத்திருப்பேன். சிவப்பால் பிழையைக் குறிப்பேன், பென்சிலால் "இப்படியும் எழுதலாம்" என்று குறிப்பேன். நீங்கள் குறித்ததில் விடுபட்ட எச்சும், இரண்டு தடவை வந்த 'த'வும் சிவப்பு. சென்டர் பென்சில்கூட இல்லை, அதை அப்படியே பழையபடி வையுங்கள்.

அக்சஸ், அக்சிஸ் பற்றி நிரலர் தம்பி சொல்லட்டும். ஆங்கிலத்தில் அக்சஸ் என்பது அக்சிஸின் பன்மை. ஆனால் அந்தப் பந்தியில் ஒருமை வினையோடு வருகிறது, அதனால் எனக்கும் அது பிழை போலத்தான் பட்டது.

அக்கரைப்பற்று நிரலர்
ஞாயிறு மாலை

ரீச்சர் கேட்டது நல்ல இடம். மெட்பிளொட்லிப்பில் அக்சஸ் என்பது ஒரு பொருளின் பெயர். படத்துக்குள் வரைபு விழுகிற சட்டம் முழுவதும் ஓர் அக்சஸ். அதற்குள் எக்ஸ் அச்சு, வை அச்சு என்று இரண்டு அக்சிஸ் இருக்கும். ஒரே படத்தில் நாலு சட்டம் வைத்தால் நாலு அக்சஸ். ஆகவே "இந்த அக்சஸ்" என்று ஒருமையில் வருவது சரி. தங்கச்சி மாற்றியதால் கருத்தே பிழைத்துவிட்டது, அதையும் திருப்பிவிடுங்க. எழுத்து பெரியெழுத்தில் தொடங்கியிருந்தாலும், நிரல் எழுத்துருவில் இருந்தாலும் கை வைக்க முன் நின்று பார்க்கவேணும்.

மறுகா, பைபிளொட் கதை. பைபிளொட் கோப்பில் உள்ள வரைதல் கட்டளைகளில் பெரும்பாலானவை அக்சஸின் கட்டளைகளை அப்படியே கூப்பிடும் சின்ன உறைகள். விளக்க எழுத்தும் அங்கிருந்தே நகலெடுக்கப்படுகிறது, பைபிளொட்டில் எழுதி வைத்திருக்கவில்லை. அக்சஸ் கோப்புறைக்குள் அடிக்கீறோடு தொடங்கும் அக்சஸ் கோப்பைத் திறந்தால் உண்மையான வசனம் கிடைக்கும். பைபிளொட் கோப்பின் அந்தப் பகுதியே ஒரு கருவியால் உருவாக்கப்படுவது. அதைக் கையால் மாற்றினால் அடுத்த தடவை உருவாக்கும்போது போய்விடும்.

தேடும்போதும் ஒரு சூட்சுமம். முழு வசனத்தையும் போட்டுத் தேடாதீங்க. கோப்பில் வரி நீளத்துக்கு எல்லை இருப்பதால் வசனம் நடுவில் முறிந்து அடுத்த வரிக்குப் போயிருக்கும். இரண்டு 'த'வில் ஒன்று ஒரு வரியின் கடைசியிலும் மற்றது அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்திருக்கும், எழுதியவர் கண்ணுக்குத் தப்பியதும் அதனால்தான். அடுத்தடுத்த மூன்று சொல்லை எடுத்து கிட் கிரெப் என்ற தேடல் கட்டளையைப் போடுங்க.

இன்னொன்று, இதை முதலிலேயே கேட்டிருக்கவேணும்: நீங்க வாசித்தது வெளியிடப்பட்ட பதிப்பின் பக்கமா, வளர்ச்சிப் பதிப்பின் பக்கமா? ஏற்கெனவே யாரும் திருத்தியிருந்தால் வளர்ச்சிப் பதிப்பில் தெரியும்.

வந்தாறுமூலை மாணவி
ஞாயிறு இரவு

நானா, ரீச்சர், கண் திறந்தது போல இருக்கிறது. 'த' நீங்கள் சொன்ன மாதிரியே வரி முறிவில்தான் இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன்! நான் குறித்து வைத்ததில் இன்னொரு பிழை வளர்ச்சிப் பதிப்பில் ஏற்கெனவே திருத்தியாகிவிட்டது, அதை விட்டுவிட்டேன். சென்டரையும் அக்சஸையும் பழையபடி வைத்தேன்.

கோட்ஸ்பெல் பட்டியலில் கர்வ்லினியர் (வளைகோட்டு) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அகராதியில் கர்வி, அதாவது வீ எழுத்துக்குப் பிறகு ஐ. இங்கே ஈ. இது ரீச்சரின் சிவப்புப் பேனைக்குரியதுதானே?

அக்கரைப்பற்று நிரலர்
ஞாயிறு இரவு

சிவப்புத்தான், ஆனால் தொடக்கூடாத சிவப்பு. மெட்பிளொட்லிப்போடு வரும் அக்சிஸ் ஆர்ட்டிஸ்ட் கருவித்தொகுதியில் ஒரு கோப்பின் பெயரிலேயே அந்த எழுத்து இருக்கிறது, வகுப்பின் பெயரிலும் இருக்கிறது. உலகம் முழுக்க எத்தனையோ பேரின் நிரல் அந்தப் பெயரை இறக்குமதி செய்கிறது. ஓரெழுத்தை மாற்றினால் அத்தனையும் நிற்கும். இணைய உலாவிகள் அனுப்பும் ரெஃபரர் என்ற தலைப்புவரியும் இப்படித்தான், ஓர் ஆர் எழுத்து குறைவாகவே 1996ஆம் ஆண்டு நெறிமுறை ஆவணத்தில் பதிந்துவிட்டது, இன்றைக்கும் எல்லோரும் அந்தப் பிழையோடேயே எழுதுகிறார்கள். பெயராகிவிட்ட பிழைக்கு ஒரு திருத்தம்தான் உண்டு: புதுப் பெயர் வைத்து, பழையதையும் சில காலம் வைத்திருந்து, பிறகு எடுப்பது. அதை எழுத்துப்பிழைத் திருத்தத்தோடு சேர்த்துச் செய்யேலாது.

மெட்பிளொட்லிப் திட்டமே கோட்ஸ்பெல்லை ஓட்டுகிறது. எந்தச் சொற்களைக் கண்டுகொள்ளாமல் விடவேணும் என்று தனிக் கோப்பு வைத்திருக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் அமைப்போடு ஓட்டினால் உங்கட பட்டியல் வெகுவாகக் குறையும்.

மிச்சத்தை இந்த ரிக்வெஸ்டில் சேர்க்கவேண்டாம். இரண்டு திருத்தத்தைப் பார்ப்பவர் இரண்டு நிமிடத்தில் முடிப்பார். நூறு மாற்றம் இருந்தால் ஒவ்வொன்றிலும் அக்சஸ் போல ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று அவர் தேடவேணும். ஆவணத் திருத்தத்தை முதலில் பார்க்கும் ஒருவரே இணைத்துவிடலாம், முன்னே இருந்ததைவிட நன்றாக இருக்கிறதா என்பதுதான் அவர்கள் பார்க்கும் அளவு. ஜோன் ஹன்டர் தொடங்கி 2003இல் வெளிவந்த மென்பொருள், அவர் 2012இல் மறைந்த பிறகும் நடக்கிறதென்றால் உங்களைப் போல வந்து சேர்ந்த கைகளால்தான்.

இங்கினியாகலை
திங்கள் காலை

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். நான் நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். சேனாநாயக்க சமுத்திர நீர்மட்டத்தை க்னூபிளொட்டில் வரைந்து பழகியவன். 1986இல் இருந்து வருகிற மென்பொருள் அது. அங்கேயும் இதே பாடம்தான், ஆனால் வழி வேறு. கையேடு, இணையப் பக்கம், கட்டளைக்குள் ஹெல்ப் என்று அடித்தால் வரும் விளக்கம், மூன்றுமே ஒரே மூலக் கோப்பில் இருந்து வருகின்றன. அந்தக் கோப்பில் வரியின் முதல் எழுத்துக்குத் தனிக் கருத்து உண்டு. சாதாரண வசனம் ஓர் இடைவெளியோடு தொடங்கவேண்டும், எண்ணோடு தொடங்கினால் அது தலைப்பு. எழுத்தைத் திருத்திவிட்டு, பந்தியை அழகாக அடுக்கும்படி எடிட்டருக்குச் சொன்னீர்களானால் அந்த இடைவெளி போய்விடும். டெர்மினல் எனப்படும் வெளியீட்டு வகைகளின் விளக்கம் அந்த மூலக் கோப்பிலும் இருக்காது, ஒவ்வொரு டெர்மினலின் சீ நிரல் கோப்புக்குள்ளேயே இருக்கும். எந்த மென்பொருளானாலும் எழுத்து எங்கிருந்து வருகிறது என்று முதலில் தேடுங்கள் மகள்.

வந்தாறுமூலை மாணவி
திங்கள் இரவு

ஐயா, குறித்துக்கொண்டேன், மிக்க நன்றி.

சமக்குறியை மேலும் கீழும் எண்ணிச் சேர்த்தேன். அனுப்ப முன்பு உதாரணக் கோப்பைத் தனியாகப் பைதனில் ஓட்டிப் படம் வருகிறதா என்று பார்த்தேன். பிறகு படம் வரையாமல் ஆவணத்தை மட்டும் கட்டும் நோபிளொட் கட்டளையையும் கொடுத்தேன், வோர்னிங் ஒன்றும் இல்லை. இப்போது சோதனை எல்லாம் பச்சை. மாற்றியது மொத்தம் ஐந்து வரி: தலைப்பு, அதன் இரண்டு கோடு, 'த' இருந்த இரண்டு வரி. அந்தப் பச்சையை அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஒரே ஒரு சந்தேகம். என் வரைபில் இடப்பெயரைத் தமிழில் போட்டால் பெட்டி பெட்டியாக வருகிறது. எழுத்துருவை மாற்றினால் கொக்கட்டிச்சோலையின் கொம்பு வேறிடத்தில் நிற்கிறது.

அக்கரைப்பற்று நிரலர்
திங்கள் இரவு

பெட்டி வருவது இயல்பாக இருக்கும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லாததால். கொம்பு இடம் மாறுவது வேறு பிரச்சினை, எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. அதற்குப் புது இழை ஒன்று தொடங்குங்க தங்கச்சி, உங்கட பதிப்பு எண்ணையும் எழுத்துருவின் பெயரையும் மறக்காமல் எழுதுங்க. நான் பார்க்கிறேன்.