சேனலில் உருளும் குண்டு 0.13 விநாடி தாமதம்: காரணம் சொல்லுங்கள்

வணக்கம். 1.5 மீ அலுமினிய யூ சேனலின் ஒரு முனையை 7.5 செ.மீ தூக்கி, 25 மி.மீ எஃகு குண்டை உருட்டும் பரிசோதனை இது. சாய்வுக் கோணத்தின் சைன் 0.05. பாடப்புத்தகத்தின் 5/7 கணக்குப்படி (உருளும் குண்டின் முடுக்கம், உராய்வில்லாமல் சறுக்கும்போது வருவதில் 5/7 பங்கு) முடுக்கம் 0.35 மீ/வி². அது தட்டையான பலகைக்குத்தான் பொருந்தும். சேனலில் குண்டு இரண்டு விளிம்புகளில் உட்கார்ந்து உருளுவதால், உள் அகலம் 15 மி.மீ என்றால் உருளும் ஆரம் 12.5 அல்ல, 10 மி.மீ. ஒரே வேகத்துக்குக் குண்டு கூடுதலாகச் சுழல வேண்டும். சறுக்கல் முடுக்கத்தை வகுக்கும் எண் 1.4இலிருந்து (அதாவது 7/5) 1.625 ஆகிறது, முடுக்கம் 0.30 ஆகக் குறைகிறது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

இதையும் சேர்த்தால் 1.2 மீ கடக்க 2.82 விநாடி வர வேண்டும். வருவது 2.95. சறுக்கல் காரணமாக இருக்காது, இந்தச் சாய்வுக்கு மிகச் சிறிய உராய்வே போதும். நிறுத்துகடிகாரத் தாமதம் என்றும் தோன்றவில்லை: உயரத்தை 15 செ.மீ ஆக்கினால் கணக்கில் வரும் 1.99க்கு அளவில் 2.04தான். தாமதம் மாறாமல் நின்றிருந்தால் 2.12 வந்திருக்கும்.

ஆக, உருளல் உராய்வு. அது ஏன் இவ்வளவு? வெட்டிய விளிம்பின் பிசிறா, தொடும் இடத்தில் குண்டு திருகித் தேய்வதா? 400 நம்பர் எமரி தாளால் தேய்த்தால் போதுமா, 6 மி.மீ எஃகுக் கம்பி இரண்டு போடலாமா? செய்து பார்த்தவர்கள் அளவுகளோடு சொல்லுங்கள். கம்பி என்றால் மையங்களின் இடைவெளியும் வேண்டும், உருளும் ஆரம் அதைப் பொறுத்து மாறும்.